இரண்டாவது லிவர் இருந்தால் ஃபோர் வீல் ஜீப் ஆகிவிடாது

தோட்டத்துக்கும் மலைப்பாதைக்கும் பழைய ஃபோர் வீல் ஜீப் (கியர் லிவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது லிவரைப் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) தேடுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோயம்புத்தூர் பக்கம் ஆட்டோ கன்சல்டிங் நடத்தும் ஒருவரிடம் நாலரை லட்சத்துக்கு ஒரு ஜீப் வாங்கினேன். முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றுக்கொன்று பொருந்தாத வண்டி அது. புகார் சொன்னதும் "சரி செய்து தருகிறேன்" என்று எடுத்துப் போய், ஃபோர் வீலே வேலை செய்யாதபடி ஆக்கித் திருப்பிக் கொடுத்தார். வழக்கு போட்டிருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்குத் தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு களிமண் பாதை, நடுவில் ஓர் ஓடை, அப்புறம் ஒரே ஏற்றம். காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கும் நேரமும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஒன்றாக வந்துவிடும். உர மூட்டை மேலே போக வேண்டும், பழம் களத்துக்கு இறங்க வேண்டும், காய்ந்த காப்பி பட்டிவீரன்பட்டிக்குப் போக வேண்டும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அந்த ஏற்றத்தில் பாதியில் நின்று குழி பறிக்கும்.

என்னென்ன வண்டி இருக்கிறது என்று பார்த்தேன். பொலேரோ கேம்பர் ஃபோர் வீல் நல்ல சுமை வண்டிதான். எங்கள் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அது நீளம். ஜிம்னி ஏறாத இடமில்லை, ஆனால் மூட்டை வைக்க இடமில்லை. அந்த விலைக்குப் புது வண்டியை வாங்கி அதில் சாணி உரம் ஏற்ற மனசும் வராது. ஜிப்ஸி எடை குறைவு, சேற்றில் மிதக்கும். 2019-இல் தயாரிப்பை நிறுத்திய பிறகு நல்ல ஜிப்ஸிக்கு வைத்ததுதான் விலை. அப்புறம் பெட்ரோல் செலவு. கடைசியில் வந்து நிற்பது பழைய குட்டைச் சேசிஸ் மகிந்திரா டீசல் ஜீப்தான். எங்கள் மலையில் எந்தப் பட்டறையிலும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள், பாகமும் கிடைக்கும்.

விளம்பர வீடியோவில் "எம்எம் 540, ஒரிஜினல் ஃபோர் வீல், மிலிட்டரி டிஸ்போசல்" என்றார். நேரில் போனபோது கடைக்குப் பின்னால் தண்ணீர் பாய்ச்சி உழுதுபோட்ட நிலத்தில் ஓட்டிக் காட்டினார். நான்கு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் சரி. என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒத்துப்போயின. ஆர்.சி.யைப் பாருங்கள், ஃபோர் வீலா இல்லையா என்று எழுதத் தனிக் கட்டமே அதில் கிடையாது. காகிதம் சுத்தமாக இருக்கலாம், வண்டி சுத்தமாக இருக்க வேண்டியதில்லை.

ஊருக்கு வந்து ஈரம் காய்ந்த கெட்டியான பாதையில் ஃபோர் வீல் போட்டதும் தகராறு ஆரம்பமானது. நேராகப் போகும்போதே ஸ்டீயரிங் கனத்தது. வண்டி விக்கி விக்கி நகர்ந்தது. லிவரைப் பழையபடி டூ வீலுக்குத் தள்ளினால் வரவில்லை. ரிவர்ஸில் கொஞ்சம் போன பிறகுதான் கழன்றது. போன் பண்ணினேன். "ஃபோர் வீல்னா அப்படித்தான் சார் இழுக்கும். கெட்டி ரோட்டுல போடக் கூடாது" என்றார்.

இந்தப் பதிலில் பாதி உண்மை, அதனால்தான் நிறையப் பேர் இதைக் கேட்டு அடங்கிவிடுகிறார்கள். இந்த வகை ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. ஃபோர் வீல் போட்டுவிட்டால், கியர்பாக்ஸ் பக்கமிருந்து இரண்டு ஆக்சிலுக்கும் போகும் புரோப்பல்லர் ஷாஃப்ட் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தை விடக் கூடுதல் தூரம் போக வேண்டியிருக்கிறது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் இறுகும். ஆகவே கெட்டி ரோட்டு வளைவில் இழுப்பது இயல்பு. நேர்ப் பாதையில், நான்கும் ஒரே அளவு டயராக இருக்கும்போது, இழுக்கவே கூடாது. இழுத்தால் உள்ளே பல் கணக்கு தப்பு.

மறுபடி மறுபடி போன் செய்த பிறகு ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது வெண்ணெய் மாதிரி ஓடியது. ஃபோர் வீல் போட்டாலும் ஸ்டீயரிங் லேசு, லிவர் லேசு. குனிந்து பார்த்தேன், முன் ஷாஃப்ட் இருக்கிறது, சுற்றவும் செய்கிறது. பில்லில் "ஃபோர் வீல் அட்ஜஸ்ட்மெண்ட்" என்று எழுதி லேபர் சார்ஜ் வேறு போட்டிருந்தார்கள்.

மழை பிடித்த பிறகு உர மூட்டையோடு ஏற்றத்தில் நின்றது. ஃபோர் வீல் லோவில் (மெதுவாக, அதிக இழுப்போடு போகும் நிலை) போட்டும் பின்சக்கரம் மட்டும் சுற்றியது, முன்சக்கரம் அசையவில்லை. வண்டி பின்வாக்கில் சறுக்கி ஓடைக்கரைப் பாறையில் முட்டி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த இருவர் முதலிலேயே குதித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் நான் எழுதுகிற பதிவே வேறு.

வத்தலக்குண்டில் மெக்கானிக் அண்ணன் முன்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைப் பிரித்தார். உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் சக்கரத்தைச் சுற்ற வைக்கும் ஆக்சில் ஷாஃப்ட்டை உருவிவிட்டு மூடியைப் போட்டு கிரீஸ் அப்பி அடைத்திருந்தார்கள். புரோப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும், ஹவுசிங் என்ற ஆக்சில் கூட்டுக்குள் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரம் சுற்றும், சக்கரத்துக்கு ஒன்றும் வராது. "இழுக்குதுன்னு சொன்னீங்கல்ல தம்பி, இழுக்காம பண்ணிட்டாங்க" என்றார். எவனோ வேலை தெரிந்தவன்தான் செய்திருக்கிறான்.

ஏன் முதலில் இழுத்தது என்பதையும் அவரே காட்டினார். பின் ஆக்சிலில் இருந்தது 8 பல் பினியனுக்கு 43 பல் கிரவுன், அதாவது புரோப்பல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. முன் ஆக்சிலில் வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டிய ஹவுசிங், 8-க்கு 39, அதாவது 4.88. பின்சக்கரம் 100 மீட்டர் போகிற நேரத்தில் முன்சக்கரம் 110 மீட்டர் போகப் பார்க்கும். உழுத சேற்றில் இந்தச் சண்டை வெளியே தெரியாது, முன்சக்கரம் இன்னும் வேகமாகச் சேற்றை வாரி இறைத்துப் பார்க்க வீரமாக இருக்கும். அந்த நிலத்துக்கு அவர்கள் ஏன் தண்ணீர் பாய்ச்சி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது.

இரண்டு தில்லுமுல்லையும் ஒரு ஜாக்கியும் சாக்கட்டியும் இருந்தால் கடை வாசலிலேயே பிடித்துவிடலாம். என்ஜினை அணைத்து, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வண்டியை கியரில் விட்டு ஃபோர் வீல் போடுங்கள். முன்சக்கரத்தில் லாக்கிங் ஹப் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் மூடி) இருந்தால் லாக்கில் திருப்புங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் காட்டிவிட்டு நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் முன் ஆக்சில் வெறும் அலங்காரம். அடுத்த முன்சக்கரத்திலும் இதையே செய்யுங்கள்.

பல் கணக்குக்கு, டூ வீலில் வைத்து, லாக்கிங் ஹப்பை லாக்கிலேயே விட்டு, அதே தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். மற்ற சக்கரம் தரையில் இருப்பதால், இந்த இரண்டு சுற்றில் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் ரேஷியோ. ஷாஃப்ட்டில் சாக்கட்டிக் கோடு போட்டு ஒருவரைக் கீழே படுத்து எண்ணச் சொல்லுங்கள். 5.38 என்றால் ஐந்து சுற்று முடிந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும். 4.88 என்றால் ஐந்தாவது சுற்று முடியக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து (ஹேண்ட்பிரேக்கும் விட்டிருக்க வேண்டும், ஆகவே முன்சக்கரத்துக்குக் கல் வையுங்கள்) பின்சக்கரம் ஒன்றைத் தூக்கி இதையே செய்யுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. "கடையில் ஜாக்கி போட விடமாட்டோம்" என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மகிந்திராவின் புது மாடல் 'தார்' ஜீப்பைப் பழைய வண்டியாக வாங்கப் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று: 2023 ஜனவரி முதல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்பனையில் இருக்கிறது. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஃபோர் வீல் லிவர் இருக்கிறதா என்று பாருங்கள், வேரியண்ட் பெயரையும் கேளுங்கள். ஹரியாணாவின் டப்வாலியில் அழகாகக் கட்டி வருகிற திறந்த ஜீப்புகளில் ஆசைப்படுகிறவர்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைப் பற்றிச் சொன்னதையும் ஒருமுறை தேடிப் படியுங்கள். வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றினால் பதிவே ஆட்டம் காணும்.

என் வழக்குக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். கடைக்காரரின் வக்கீல் பதிலில் இரண்டு வாதம். "உள்ளது உள்ளபடி" என்று டெலிவரி நோட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். தோட்டத்துக்கு வாங்கியது வணிக நோக்கமாம், அதனால் நான் நுகர்வோரே இல்லையாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்துகிற தொழிலுக்கு வாங்கியதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. விளம்பர வீடியோவை இறக்கி வைத்திருந்தது இப்போது உதவுகிறது. நோட்டீஸ் போனதும் அவர்கள் அதை அழித்துவிட்டார்கள். "அட்ஜஸ்ட்மெண்ட்" என்று எழுதிய அந்த பில்லும் கைவசம் இருக்கிறது.

இரண்டு லட்சத்துக்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஆள் விட்டுச் சொன்னார். ஹப் மூடியைத் திரும்பப் போட்டு அடுத்தவர் தலையில் கட்டுவார், அதனால் கொடுக்கவில்லை. வழக்குக்கு வேண்டிய போட்டோவெல்லாம் எடுத்தாகிவிட்டது. வண்டி வத்தலக்குண்டுப் பட்டறையில் நிற்கிறது. முன் ஆக்சிலுக்கு 8-க்கு 43 கிரவுன் பினியன் செட்டும், இரண்டு பக்க ஆக்சில் ஷாஃப்ட்டும் வேண்டும். போடி, கம்பம் பக்கம் ஏலத்தோட்ட ஜீப்புகளைப் பிரிக்கிற பட்டறை யாருக்காவது பழக்கம் இருந்தால் சொல்லுங்கள். பல்லை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவேன்.