வொண்டர்லா போகுமுன் சுவரில் இரண்டு கோடு

டிக்கெட் எடுக்கும் முன், வேன் பேசும் முன், வீட்டுச் சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போடுங்கள். ஒன்று 85 செ.மீ., இன்னொன்று 140 செ.மீ. பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நிறுத்தி அளந்து பாருங்கள். பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதி பக்கம் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவில் குழந்தைக் கட்டணம் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து. 85-க்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம். அதைத் தாண்டினால் ஏழாவது படிக்கிற பிள்ளைக்கும் பெரியவர் கட்டணம்தான். வயிற்றைப் புரட்டும் பெரிய ரைடுகளில் ஏற்றுவதும் பெரும்பாலும் அந்த 140 கோட்டைப் பார்த்துத்தான். 138 செ.மீ. இருக்கும் பிள்ளையிடம் "ரீகாயில் ரோலர் கோஸ்டர்ல ஏத்துறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு அங்கே போய் நின்றால், அழுகையை அடக்கவே அரை நாள் போய்விடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பெரிய பார்க் இதுதான். 2005-ல் திறந்தது, 82 ஏக்கர், ரைடுகள் 60-க்கு மேல். வளாகத்துக்குள்ளேயே 2012-லிருந்து 84 அறைகள் கொண்ட ரிசார்ட்டும் உண்டு. இதே நிறுவனம் 2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் புது பார்க் திறந்திருக்கிறது. நம் ஊரிலிருந்து அது இதைவிட ரொம்பத் தூரம். முதல் தடவைக்கு பிடதிதான்.

யாருக்கு இது சரிப்படும்? பத்து வயதுக்கு மேல் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொடுத்த காசு வீண் போகாது. மூன்று வயதுக் குழந்தையும் முட்டிவலிப் பாட்டியும் உள்ள வீட்டுக்குப் பாதி பார்க் வேடிக்கை பார்க்க மட்டும். அவர்கள் போனால் ரிசார்ட்டில் அறை எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம். பிள்ளை வளர வளர டிக்கெட் விலை ஏறும், ஆனால் அந்த டிக்கெட்டுக்கு ஏறக்கூடிய ரைடுகளும் ஏறும்.

தேதி குறிப்பதில் எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. நமக்கு லீவு, கர்நாடகாவுக்கு லீவு இல்லை என்கிற நாட்களைப் பிடிக்க வேண்டும். மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் அப்படிப்பட்டவை; அங்கே சங்கராந்தி ஒரே நாளோடு சரி. ஆடிப்பெருக்குக்கு தருமபுரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விட்டால் ஒகேனக்கல்லில் கால் வைக்க இடமிருக்காது. பெங்களூருக்கு அது வெறும் வேலைநாள். இவை செவ்வாய், புதன், வியாழனில் வந்தால் விடாதீர்கள். ஒரே குறை, பொங்கல் சமயத்தில் அங்கே தண்ணீர் சில்லென்று இருக்கும், ஒல்லியான பிள்ளைகளுக்குப் பல் கிட்டிக்கும். நேர்மாறான கணக்கும் தெரிந்திருக்க வேண்டும்: நம் காலாண்டு விடுமுறையும் அவர்களுடைய தசரா விடுமுறையும் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதும். மே மாதச் சனி, ஞாயிறு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை வார நடுவில் போவது நல்லது. தூறல் பிரச்சினையில்லை, இடி மின்னல் வந்தால்தான் உயரமான ரைடுகளை நிறுத்துவார்கள்.

பார்க் சாதாரண நாளில் காலை 11 முதல் மாலை 6 வரை. விடுமுறை நாட்களில் சற்றுக் கூடுதல். ஏழு மணி நேரம் நிறைய என்று தோன்றும். சாப்பாடு, உடை மாற்றல், லாக்கர் வரிசை எல்லாம் கழித்தால் ஐந்து மணி நேரம் மிஞ்சும். அதனால் 10 மணிக்கே போய்ச் சேர்வதுபோல் கிளம்புங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சுமார் 155. பாலக்கோடு, ராயக்கோட்டைக்காரர்கள் கிருஷ்ணகிரி சுற்றாமல் நேராக ஓசூர் போய்விடலாம். அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி வந்ததும் மேம்பாலத்தில் ஏறிவிடாதீர்கள். ஏறினால் சில்க் போர்டு நெரிசலில் கொண்டுபோய் விடும். கீழ்ச்சாலையிலேயே வந்து, ஊரைச் சுற்றிப்போகும் நைஸ் ரோட்டில் நுழைந்து மைசூர் ரோட்டில் இறங்க வேண்டும். அங்கேயும் ஒரு கண்ணி: 2023-ல் திறந்த மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் போனால் நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. கெங்கேரி தாண்டியதும் சர்வீஸ் ரோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாடகை வேன் என்றால், பேசிய தொகையில் கர்நாடகா பர்மிட்டும் வரியும் சேர்த்தியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அத்திப்பள்ளியில் போய் அந்தப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து வழி எளிதாகிவிட்டது. ஓசூர் தாண்டி பொம்மசந்திராவில் இறங்கினால் மெட்ரோவின் மஞ்சள் தடம். ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி மெஜஸ்டிக், அங்கே ஊதாவுக்கு மாறி கெங்கேரி அல்லது சல்லகட்டா. பிறகு பஸ் அல்லது ஆட்டோ. மூட்டை முடிச்சோடு, கைக்குழந்தையோடு இரண்டு இடத்தில் மாறுவது சிரமம். வளர்ந்த பிள்ளைகளோடு என்றால் தாராளமாகப் போகலாம்.

நம் ஊர்க் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுவது துணியில். காட்டன் போட்டுக்கொண்டு தண்ணீர் ரைடில் இறங்க விடமாட்டார்கள். சேலை, வேட்டி, துப்பட்டா போட்ட சுடிதார், ஜீன்ஸ் எதுவும் ஆகாது. காரணமில்லாமல் இல்லை. காட்டன் நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும், நனைந்தால் கனத்து உடம்பை இழுக்கும். தொங்கும் துணி சறுக்கு இணைப்பில் மாட்டும், ஜிப்பும் இரும்புப் பட்டனும் சறுக்கைக் கீறும். வேண்டியது நைலான், பாலியெஸ்டர், லைக்ரா. அதற்காக நீச்சல் உடைதான் போட வேண்டும் என்றில்லை: ஜிப் இல்லாத பாலியெஸ்டர் டிராக் பேன்ட்டும் ஸ்போர்ட்ஸ் டி-சர்ட்டும் போதும். பெண்களுக்கு முழுக்கை டி-சர்ட், முழு நீள லெக்கிங்ஸ் என்று உடம்பு மறைய வாங்கலாம். ஆனால் நம் கடைகளில் லெக்கிங்ஸ் என்று விற்பதில் பாதிக்கு மேல் காட்டன் கலப்பு, லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பார்க்கில் அவசரத்துக்கு வாங்கினால் விலையும் கூட, அளவும் அமையாது.

வெளிச்சாப்பாடு உள்ளே அனுமதியில்லை. புளிச்சோறு கட்டி எடுத்துப்போகிற பழக்கத்தை வண்டியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் பிடதி என்றால் தட்டெ இட்லி. தட்டு அகலத்துக்கு, மேலே வெண்ணெயோடு வரும். பார்க் திறக்கும் முன் அங்கே ஆளுக்கு இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போனால் மதியம் 2.30 வரை பசிக்காது. உள்ளே எல்லோரும் 1 மணிக்குச் சாப்பாட்டு வரிசையில் நிற்பார்கள். அந்த நேரத்தில்தான் ரைடு வரிசை குறையும்.

உள்ளே நுழைந்ததும் உயரம் தாண்டிய ஆட்கள் நேராக ரீகாயிலுக்குப் போக வேண்டும். முன்னால் ஓடிய பாதையிலேயே தலைகீழ் வளையங்களோடு பின்னாலும் ஓடும் ரயில் அது. ஒரே ரயில்தான் என்பதால் அது போய்த் திரும்பி, ஆட்கள் இறங்கி ஏறினால்தான் வரிசை நகரும். பகலாக ஆக நீளும். அதன்பின் ஹரிகேன், ஈக்வினாக்ஸ் போன்ற சுழற்றும் ரகங்கள், எல்லாம் சாப்பாட்டுக்கு முன். இதய நோய், ரத்த அழுத்தம், கழுத்து முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இவற்றில் ஏறக் கூடாது. அந்த இரண்டு மணி நேரம் மற்றவர்கள் சின்னப் பிள்ளைகள் ரைடுகளிலோ, கட்டடத்தின் உச்சியில் வைத்த ஸ்கை வீலிலோ இருக்கலாம். பிரியும்போதே இடமும் மணியும் பேசிக்கொள்ளுங்கள், போன் லாக்கரில் இருக்கும். மதியத்துக்கு மேல் தண்ணீர்: அலைக்குளம், மெதுவாக மிதந்துபோகும் லேசி ரிவர், கடைசியாக ரெயின் டிஸ்கோ. அங்கே பொழிவது வெந்நீர் மழை, நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதுதான் மருந்து. வரிசையைத் தாண்டிப்போகும் பாஸ்ட்டிராக் டிக்கெட் வார நாளில் தண்டம். மே மாதச் சனிக்கிழமையில் யோசிக்கலாம்.

கார் சாவி ரிமோட் வகையென்றால் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்காதீர்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பின்னால் கட்டும் கயிறு ஒன்று வேண்டும்.

ரிசார்ட் யாருக்கு? கிருஷ்ணகிரி, ஓசூர்க்காரர்களுக்கு அவசியமில்லை. தருமபுரி, அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து சின்னப் பிள்ளைகளோடு வந்தால் பெரிய உதவி. சோலாரில் வெந்நீர் ஆக்கிய நீச்சல் குளம் இருக்கிறது, தூக்கம் வந்த குழந்தையையும் பெரியவர்களையும் மதியமே அறைக்கு அனுப்பிவிடலாம். பலர் முந்தின இரவு தங்குவார்கள். பார்க் முடிந்த இரவில் தங்குவதுதான் சரி. காலையில் வந்ததும் பெட்டியை வைக்க வழி உண்டா என்று அறை எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் சன்னபட்டணம் மரப்பொம்மைக் கடைகளைப் பார்க்கலாம். வழியிலேயே ராமநகரம், பட்டுக்கூடு போடுகிற நம் விவசாயிகளுக்குப் பழகிய சந்தை.

அன்றே திரும்புகிறவர்கள் பார்க்கை விட்டு 6 மணிக்குக் கிளம்பினால் எலக்ட்ரானிக் சிட்டி முதல் அத்திப்பள்ளி வரை ஆபீஸ் விடும் நெரிசலில் மாட்டுவார்கள். உடை மாற்றி, பிடதியிலேயே டீ குடித்து 7.30-க்குக் கிளம்புங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓசூரில் பார்சல் வாங்குங்கள். அதற்குள் பிள்ளைகள் வண்டியில் தூங்கியிருப்பார்கள்.