ஏழு மழைக்காலம், ஒரு கேன்வாஸ் ஓவியம்

திருவான்மியூரில் எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். தாத்தாவின் உருவத்தைத் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் 2018இல் இங்கு வந்தது. அதை ஈரத்திடமிருந்து காப்பாற்ற நான் பயன்படுத்திய பொருள்களில் எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன். இதே கவலையோடு இருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதல் ஐப்பசியிலேயே கேன்வாஸ் தொய்ந்துவிட்டது. கேன்வாஸை இழுத்துப் பிடித்திருக்கும் உள்சட்டத்தின் மூலைகளில் இருக்கும் மர ஆப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கினேன். பறைத்தோல் போல விறைத்து நின்றதைப் பார்த்து நிம்மதி அடைந்தேன். அடுத்த மே மாதம் தாத்தாவின் அங்கவஸ்திரத்தின் மேல் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடின. ஆகஸ்டில் இடது கீழ்மூலையில் நகக்கண் அளவுக்கு வண்ணம் செதிலாக எழும்பியது.

பழைய கேன்வாஸ்களில் துணிக்கும் வண்ணத்துக்கும் நடுவே தோல், எலும்புகளிலிருந்து காய்ச்சிய பசை பூசப்பட்டிருக்கும். ஈரம் ஏறினால் அது இளகும். காய்ந்தால் சுருங்கி எல்லாவற்றையும் இழுக்கும். இளகிய நேரத்தில் நான் இறுக்கிவிட்டதால், கோடையில் பசை சுருங்கியபோது விட்டுக்கொடுக்க இடமில்லாமல் வண்ணம் வெடித்தது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து வேறு திசையில் வரும். பசை வலுவிழக்கும், நூலிழைகள் உப்பித் துணியே சுருங்கும். வண்ணம் துணியோடு சேர்ந்து சுருங்காது. கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு உதிரும்.

முதலில் வாங்கியது ஈரப்பதமானி. அதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. அன்று முதல் ஆறைக் கூட்டியே படிக்கிறேன்.

அடுத்தது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற மணிகளைச் சிறு பைகளில் கட்டி ஓவியத்தின் பின்னால் தொங்கவிட்டேன். மூன்றே நாளில் ஈரம் நிறைந்து கரும்பச்சையாகிவிட்டன. திறந்த சுவரில் அவை அறை முழுவதன் ஈரத்தையும் குடிக்கப் பார்க்கின்றன, பணம்தான் வீண். இறுக மூடிய பெட்டியில் வைத்திருக்கும் சிறிய ஓவியத்துக்கு அதே மணிகள் நன்றாக உழைக்கின்றன. 120 டிகிரி அடுப்பில் காயவைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். நீல மணிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உண்டு.

எனக்கு அதிகம் உதவியது மிக எளிய பொருள். விளம்பரத் தட்டிகளுக்குப் பயன்படுத்தும் உள்ளே குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, உள்சட்டத்தின் பின்புறம் திருகாணி போட்டுப் பொருத்தினேன். அதற்கு முன் பழைய பழுப்புக் காகிதத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. சட்டம் போட்டவர் அதை மைதாப் பசையால் ஒட்டியிருந்தார். ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பூசணம். கீழ்க்கட்டைக்கும் துணிக்கும் இடையில் தூசு, பல்லி முட்டை ஓடு, கழன்று விழுந்த ஓர் ஆப்பு. அந்த ஆப்பு அழுத்திய இடத்தில் முன்பக்கம் சின்னப் புடைப்பு. சுத்தம் செய்து அட்டையால் மூடிய பிறகு, மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு கேன்வாஸுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்கிறது. கீழ்மூலைகளில் இரண்டு கார்க் துண்டுகளை ஒட்டி, சுவரிலிருந்து விலக்கி மாட்டியிருக்கிறேன். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கும் மாற்றிவிட்டேன்.

இரவில் மட்டும் ஏ.சி. போடும் அறையில் ஓவியம் வேண்டாம். ஒரே நாளில் மானி 55க்கும் 80க்கும் நடுவே ஏறி இறங்குவதை நானே பார்த்தேன்.

எழும்பிய செதிலை நான் தொடவில்லை. ஈரத் துணியால் துடைத்திருந்தால் வெடிப்பு வழியே நீர் இறங்கிப் பசையைக் கரைத்திருக்கும். 2021இல் ஓர் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் ‘பேவா 371’ கொண்டு ஒட்டினார். 1970களில் குஸ்டாவ் பெர்கர் உருவாக்கிய செயற்கைப் பிசின் அது. தண்ணீர் கலக்காதது, சுமார் 65 டிகிரி வெப்பத்தில் பிடிக்கும். மாவுப் பசையைப் போலப் பூசணத்துக்குத் தீனியாவதில்லை. இதுவரை அந்த மூலை அசையவில்லை.

கடந்த கார்த்திகை அடைமழையில் மானி நான்கு நாள் 78இல் நின்றது. கேன்வாஸ் லேசாகத் தொய்ந்தது. ஆப்புகளைத் தொடவில்லை. தை பிறந்து பத்து நாளில் தானாகவே இறுகிக்கொண்டது.