சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’: 2008 மாடல் வண்டியும் நானும்

சித்தப்பா மகன் போன வாரம் போன் பண்ணினான். “அண்ணே, ஒங்க வண்டி மாதிரியே ஒண்ணு, 2009 மாடல், ஒண்ணேகால் லட்சத்துக்கு வருது. எடுக்கலாமா?” இரண்டு மாதம் முன்னால் கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். இப்போது வண்டி சரியாகிவிட்டதால் நிதானமாகப் பேச முடிகிறது.

என்னுடையது 2008-ல் புதிதாக எடுத்த பெட்ரோல் கார். 15 வருடம் முடிந்ததும் 2023-ல் எஃப்.சி. காட்டி ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்தேன். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மைலேஜ், ஏசி, சஸ்பென்ஷன் பற்றியெல்லாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜினை இதுவரை பிரித்ததில்லை, ஒரு சொட்டு ஆயில் கசிவு கிடையாது. என் நிம்மதியைக் கெடுத்தது ஒன்றே ஒன்றுதான். எப்போது ஸ்டார்ட் ஆகும், எப்போது ஆகாது என்று தெரியாமலே ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

தூத்துக்குடியில் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒருநாளும் மக்கர் பண்ணாது. ஓடிச் சூடேறி, எங்காவது நிறுத்திவிட்டு வந்தால்தான் வம்பு. அதுவும் தினமும் இல்லை, பத்து தடவையில் ஒரு தடவை. அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பாளையங்கோட்டை கூட்டிப் போன அன்று அப்படி நின்றது. கண்ணில் மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் பார்க்க முடியாமல் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவியைத் திருப்பினேன், ‘டக்’. மறுபடியும் ‘டக்’. மே மாத வெயிலில் நாற்பது நிமிடம். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

அந்தச் சத்தத்தை அன்றே யாராவது கவனித்துக் கேட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் பம்ப், இன்ஜின் சுழல்வதை அறியும் கிராங்க் சென்சார், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பக்கம் போக வேண்டும். செல்ஃபே சுற்றாமல் ‘டகடகடக’ என்று அடித்து, டேஷ்போர்டு விளக்கும் மங்கினால் பெரும்பாலும் பேட்டரி. என் வண்டியில் விளக்கு பளிச்சென்று எரியும், ஒரே ஒரு அழுத்தமான ‘டக்’ மட்டும் வரும். செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலினாய்டு சுவிட்சுக்குப் போதுமான கரண்ட் வருகிறது, செல்ஃப் மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

இது தெரிவதற்குள் 4,200 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டாயிற்று. செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் பிரஷ், புஷ் மாற்றியதில் 2,800. சர்வீஸ் சென்டரில் இக்னிஷன் சுவிட்சையும் மாற்றினார்கள். மூன்று இடத்திலும் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆகும், அவர்களுக்கும் அது சிரமம்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருவர்கூட மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டை அளக்காமல் சாமானை மாற்றிக்கொண்டே போனதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒருவர் மட்டும் பேட்டரி மைனஸை பாடிக்கும் இன்ஜினுக்கும் இணைக்கிற எர்த் வயரைப் பார்த்தார். வயர் அறுபடவில்லை என்று மீட்டர் ‘பீப்’ அடித்ததும் எர்த் சரியாக இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

கடைசியில் கண்டுபிடித்தவர் உப்பு லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் வயதான எலெக்ட்ரீஷியன். நல்ல வேளையாக அவர் பட்டறை வாசலிலேயே வண்டி அடம்பிடித்தது. பானெட்டைத் திறந்தவர் முதலில் கேட்டது, “கிளட்ச் கேபிள் எப்ப மாத்துனீங்க?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை மாற்றியிருந்தேன். இரண்டும் உள்ளே இறுகிப் போயிருந்தன. “நீங்க சாவியத் திருப்புங்க” என்று சொல்லி நாலைந்து முறை ‘டக்’ அடிக்க வைத்தார். பிறகு என் கையை இழுத்துக் கேபிள் முனையில் வைத்தார். சுட்டது.

நடந்தது இதுதான். பேட்டரியின் மைனஸ் முதலில் பாடிக்குப் போகிறது, அங்கிருந்து பின்னல் வயர் ஒன்று கியர்பாக்ஸுக்கு. அந்தப் பின்னல் வயரின் முனை பச்சைப் பாசி பிடித்த மாதிரி பூத்து, சில இழைகள்தான் மிச்சம். செல்ஃப் கேட்கிற நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் அதில் போக முடியாமல், இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற இன்னொரு இரும்பான கிளட்ச் கேபிள் வழியாகப் பாய்ந்திருக்கிறது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் உருகியதால்தான் கேபிள் இறுகியது. ‘பீப்’ சத்தத்துக்கு ஒரு இழை போதும். 0.05 ஓம் தடை இருந்தாலே 100 ஆம்பியரில் 5 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்தத் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது.

அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைக் கியர்பாக்ஸின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னார். 6.8 வோல்ட். கால் வோல்ட்டுக்கு உள்ளே இருக்க வேண்டியது. ஜம்பர் கேபிளால் பேட்டரி மைனஸை நேரே இன்ஜினில் பிடித்ததும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். புதுப் பின்னல் வயர், முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, கூலி எல்லாம் சேர்த்து 350 ரூபாய். மாற்றியபின் அளந்தால் 0.15. ஏன் சில சமயம் மட்டும் என்று கேட்டதற்கு, இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடி ஆடி நிற்பதால் அந்த இழைகள் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி படியும் என்றார். சூடேறினால் பிடிப்பு இன்னும் மோசமாகும்.

இதில் வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 17 வருடம் உப்புக் காற்றில் நின்ற செம்பு அது. அதற்குப் பிறகு நாகர்கோவில், மதுரை எல்லாம் போய்வந்தேன், ஒரு ‘டக்’ இல்லை. ஓட்டுவதற்கு இன்றும் இவ்வளவு லேசான வண்டியை நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, “ஒனக்கு வேண்டாம்டா” என்றேன். அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவன் பார்த்திருக்கிற வண்டியும் திருச்செந்தூர் வண்டிதான், அதே கடல்காற்று. அம்மா முந்தானைக்குள் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. “அப்ப நீங்க வித்துருவீங்களா?” என்றான். விற்க மாட்டேன், 2028 வரை ஆர்.சி. இருக்கிறது.

அவன் கேட்கிற மாதிரித் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகிறானாம். 600 ரூபாய்க்கு நானும் ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைக்கச் சொல், நான் வந்து அளந்து பார்க்கிறேன், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.