வரிசை எண்ணா, விண்டோ ஹேண்டிலா?

நிறுவனங்கள் ஆர்டர், கணக்கு பார்க்கும் மென்பொருளான எஸ்ஏபியில் இரண்டு செஷன் (தனித்தனி வேலை விண்டோ) திறந்தால், இரண்டின் தலைப்பிலும் ‘எஸ்ஏபி ஈஸி ஆக்சஸ்’ என்றே இருக்கும். எதில் தட்டச்சு செய்வது என்று, நமக்குப் பதில் திரையில் வேலை செய்யும் மென்பொருள் ரோபோவுக்கு எப்படித் தெரியும்?

பலரும் முதலில் பிடிப்பது தலைப்பையும், அதே தலைப்புள்ளவற்றில் எத்தனையாவது விண்டோ என்ற வரிசை எண்ணையும்தான். எழுதச் சுலபம், நாளைக்கு ஓட்டினாலும் அதே செலக்டர் (விண்டோவின் அடையாளக் குறிப்பு) போதும். ஆனால் வரிசை எண்ணை நான் நம்புவதில்லை. விண்டோஸ் பட்டியலிடும்போது முன்னால் இருக்கும் விண்டோதான் முதலில் வரும். நடுவில் யாராவது இன்னொன்றைக் கிளிக் செய்தால் 1 என்பது 2 ஆகிவிடலாம். பிழைச் செய்தி எதுவும் வராது. ரோபோ பாட்டுக்குத் தவறான ஆர்டரில் அளவை மாற்றிச் சேமித்துவிடும்.

விண்டோ ஹேண்டில், அதாவது திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவுக்கும் விண்டோஸ் தரும் தனி எண், அப்படியல்ல. இத்தகைய ரோபோவை உருவாக்கும் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப்பில், செயலி முழுதாகத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னால், அந்த எண் ஒரு மாறியில் வந்துவிடும். அப்புறம் விண்டோ முன்னே பின்னே போனாலும் கவலையில்லை. மூடித் திறந்தால் மட்டும் எண் மாறும். ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாக வாங்க வேண்டும்.

சரி, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் (புராசஸ்) விண்டோஸ் தரும் எண்ணான புராசஸ் ஐடி போதாதா? எஸ்ஏபி செஷன்கள் ஒரே புராசஸுக்குள் இருப்பதால் அது உதவாது. ஸ்டேட்டஸ் பாரில் அடைப்புக்குள் தெரியும் செஷன் எண்ணையும் படித்துச் சரிபார்த்த பிறகே என் ரோபோ தட்டச்சைத் தொடங்கும்.