வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள் சரி, ரிப்போர்ட்டை யார் படிப்பது?

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மூன்றும் ரத்தம் எடுக்க வந்த பையனுக்கு. குறைத்த இரண்டும் ரிப்போர்ட்டுக்கு.

வீட்டுக்காரருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. மழைக்காலம், தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் டெங்கு, அதனால் டாக்டரம்மா சிபிசியும் (ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட்) என்எஸ்1-உம் (டெங்குவுக்கான டெஸ்ட்) எழுதிக் கொடுத்தார். அலைய வைக்க வேண்டாமே என்று ஆப்பில் புக் செய்தேன். 'வெறும் வயிற்றில் இருக்கவும்' என்று மெசேஜ் வந்தது, நானும் நம்பி கஞ்சிகூடக் கொடுக்காமல் மனுஷனைப் பட்டினி போட்டேன். வந்த பையன்தான் சொன்னார், இந்த இரண்டுக்கும் சாப்பிட்டிருந்தால் ஒன்றும் ஆகாது, சர்க்கரை பார்ப்பவர்களுக்குப் போகிற மெசேஜ்தான் எல்லோருக்கும் போகிறது என்று. ஒரே குத்து, நோண்டவில்லை. ஊதா மூடிக் குழாயைக் குலுக்காமல் மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகத் திருப்பினார். உள்ளே இருக்கும் மருந்து சரியாகக் கலக்காவிட்டால் ரத்தம் கட்டி, பிளேட்லெட் பொய்யாகக் குறைந்து காட்டுமாம்.

மாலையே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். வெள்ளணு எதிரே 3.2, சிவப்பில். ஆறு மாதம் முன்பு தெருமுனை லேபில் பார்த்தபோது 7,400. ஏழாயிரம் எங்கே, மூன்று எங்கே? கை நடுங்கிவிட்டது. கணக்கு ஆயிரத்தில் என்று பக்கத்தில் எறும்பு சைஸில் போட்டிருக்கிறார்கள், அதாவது 3,200. பெரியவர்களுக்குப் பொதுவாக 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம் என்பதால் குறைவுதான், ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை.

அடுத்த கூத்து, வெள்ளணுவில் ஒரு வகையான லிம்போசைட் 52 சதவீதம், 'ஹை'. அதைப் பார்த்துவிட்டோ என்னவோ கஸ்டமர் கேரில் இருந்து போன். "மேடம், லிம்போசைட் அதிகமா இருக்கு, ஃபுல் பாடி செக்கப் போட்டுடலாமா? இன்னைக்கு ஆஃபர் இருக்கு." எழுந்து உட்கார முடியாத ஆளுக்கு ஆஃபராம்!

டாக்டரம்மா பேனாவை எடுத்து 3,200-இல் 52 சதவீதம் போட்டுக் காட்டினார்: 1,664. அது சரியான அளவுதான். உண்மையில் குறைந்திருப்பது இன்னொரு வகையான நியூட்ரோஃபில், 38 சதவீதம், 1,216. பந்தியில் பாதிப் பேர் எழுந்து போனால் மிச்சம் உட்கார்ந்திருப்பவர்களின் பங்கு கூடத்தானே செய்யும், ஆள் கூடிவிட்டதாக அர்த்தமா? டெங்குவில் வெள்ளணு இப்படி இறங்குமாம். பாக்டீரியா தொற்றென்றால் பெரும்பாலும் நியூட்ரோஃபில் ஏறி மொத்தமும் ஏறும், டைபாய்டு போன்றவை சில சமயம் வெள்ளணு ஏறாமல் ஏமாற்றும். என்எஸ்1 பாசிட்டிவ், சந்தேகம் தீர்ந்தது. இந்த எண்ணிக்கைக் கணக்கு ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பக்கத்தில், பேக்கேஜ் விளம்பரத்துக்குக் கீழே!

அப்புறம் நான்கு நாளும் தெருமுனை லேபுக்கே போனோம். வெள்ளணு 2,600 வரை இறங்கி, காய்ச்சல் விட்ட மறுநாள் 3,900-க்கு வந்துவிட்டது, பிளேட்லெட் மட்டும் இன்னும் குறைவாக 84,000-இல் நின்றது. அது பின்னால்தான் ஏறும், காய்ச்சல் விட்டதே என்று அசந்துவிடாதீர்கள், வயிற்று வலியோ விடாத வாந்தியோ வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார் டாக்டரம்மா. அங்கே ஆப் கிடையாது, ரிப்போர்ட் ஒரே தாள், சிவப்பு மையும் இல்லை. லேப் அண்ணன் நேற்றைய தாளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏறுதும்மா, போய் ரசம் சாதம் குடுங்க" என்றார்.