சிந்துக் குறிகள்: எழுத்தா, வெறும் சின்னங்களா?

சிந்துவெளி முத்திரைகளில் உள்ள குறிகள் எழுத்தே இல்லை என்று 2004-ல் ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்சல் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் சொன்னார்கள். ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்தே குறிகள். நீண்ட வாசகம் எதுவும் கிடைக்கவில்லை. வலுவான கேள்விதான்.

எழுத்து என்போர் பக்கம் ஆய்வாளர்கள் ஐராவதம் மகாதேவன், அஸ்கோ பர்ப்போலா. அதன் மொழி தமிழுக்கு உறவான திராவிட மொழி என்பது இவர்கள் கருத்து. மீன் குறியைப் பாருங்கள்: தமிழில் மீன் என்றால் விண்மீனும்தான். பக்கத்தில் ஆறு கோடுகள் இருந்தால் பர்ப்போலா அதை 'அறுமீன்' என்று வாசிக்கிறார், அதாவது கார்த்திகை விண்மீன் கூட்டம். சங்கப் பாடலிலேயே உள்ள சொல்! கேட்கவே சிலிர்க்கிறது. ஆனால் ஒரே செய்தியைத் தெரிந்த மொழி ஒன்றிலும் தரும் இருமொழி வாசகம் ஒன்று கிடைக்கும்வரை இது ஊகமே.

என்னை எழுத்துப் பக்கம் இழுப்பது வேறொன்று. சில முத்திரைப் பதிவுகளின் இடது ஓரத்தில் கடைசிக் குறிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பதிவில் வலமிருந்து இடமாக வாசிக்கும்படி செதுக்கி வந்தவருக்கு இடம் போதவில்லை. ஆனாலும் வரிசையைக் கலைக்க அவருக்கு மனமில்லை.