ரி.வி. பார்த்துவிட்டு உதவிக் காசு போடுகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு தமிழ் அலைவரிசையில் போகும் உதவி நிகழ்ச்சிக்குக் காசு அனுப்பி எங்கள் தொடர்மாடியில் பல வீட்டார் ஏமாந்திருக்கிறோம். முறைப்பாடு கொடுத்திருப்பதால் நிகழ்ச்சியின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லலாம். கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதைப் பார்க்காத வீடு குறைவு.

அந்த வாரம் காட்டியது முகத்துவாரம் பக்கத்துத் தோட்டமொன்றில், அதாவது சின்னச் சின்ன வீடுகள் நெருங்கிய குடியிருப்பில், இருக்கும் குடும்பத்தை. தகப்பன் இல்லை. தாய் வீடுகளுக்குச் சமைக்கப் போகிறார். சின்னப் பையனுக்கு இதயத்தில் ஓட்டை, தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு 18 இலட்சம் வேண்டும் என்றார் அறிவிப்பாளர். மூச்சுக்கு மூச்சு ஓர் அறக்கட்டளையின் பெயரைச் சொன்னார். திரைக்குக் கீழே கணக்கிலக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஃபோனிலேயே அனுப்பிவிட்டேன். கனடாவில் இருக்கும் சின்னம்மாவும் அனுப்பினார்.

கீழ்வீட்டு அன்ரிக்கு ஃபோனில் காசு அனுப்பத் தெரியாது. காலி வீதியில் உள்ள வங்கி மெஷினில் போடப் போனார். கணக்கிலக்கத்தை அடித்ததும் கணக்குக்குரியவரின் பெயர் திரையில் வந்தது. அறக்கட்டளையும் இல்லை, பையனின் தாயும் இல்லை, யாரோ ஒரு தனி ஆள். ஃபோனில் அனுப்பியவர்கள் யாருக்கும் இது தெரியவில்லை. ஏனென்றால் பெறுபவர் பெயரை நாமே அடிக்கிறோம். என் வங்கி அதைப் பொருத்திப் பார்க்கவில்லை. இலக்கம் சரியாக இருந்தது, காசு போய்விட்டது.

அன்ரி வீட்டுக்கு வந்து அந்த நிகழ்ச்சி இலக்கத்துக்கு எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசிய பையன் நல்ல மரியாதை.

"ட்ரஸ்ட் எக்கவுண்ட் இன்னும் ஓப்பின் ஆகேல்ல அன்ரி. அதுவரைக்கும் எங்கட ஆளின்ர எக்கவுண்டுக்குத்தான் எடுக்கிறம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கே நேர கட்டிவிடட்டோ தம்பி? பிள்ளையின்ர பெயரையும் ஆஸ்பத்திரி குடுத்த எஸ்டிமேட்டையும் அனுப்புங்கோவன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பிடிச் செய்ய ஏலாது அன்ரி. ஸ்பொன்சர்மாருக்குப் பிரச்சினையாகும்." பிறகு குரலே மாறிவிட்டது. ஏழைப் பிள்ளைக்கு உதவ மனமில்லாவிட்டால் விடுங்கள், சந்தேகப்பட வேண்டாம் என்று எங்களுக்கே புத்தி சொன்னார். பற்றுச்சீட்டு வட்ஸ்அப்பில் வரும் என்றார். வரவில்லை. அடுத்த நாள் எங்கள் இரண்டு பேரின் இலக்கமும் பிளொக்.

இதை ஏன் இவ்வளவு விபரமாக எழுதுகிறேன் என்றால், அன்ரி கேட்ட அந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும் என்பதற்காக. உண்மையாகவே சத்திரசிகிச்சைக்கு நிற்கிற குடும்பத்தின் கையில் கிளினிக் கொப்பி இருக்கும், டொக்டரின் கடிதம் இருக்கும், ஆஸ்பத்திரி கொடுத்த செலவு மதிப்பீடு இருக்கும். நேரே ஆஸ்பத்திரிக்குக் கட்டுகிறோம் என்றால் அவர்கள் கும்பிடுவார்கள். நடுவில் நிற்பவருக்குத்தான் அந்தக் கேள்வி கசக்கும்.

அலைவரிசைக்கும் எடுத்துப் பார்த்தோம். அது வெளியார் நேரத்தை வாங்கிச் செய்கிற நிகழ்ச்சி, பணம் சேர்ப்பதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் பாதிப்பேர் அந்த அலைவரிசையின் பெயரை நம்பித்தான் காசு போடுகிறார்கள். ரி.வி.யில் வந்தால் யாரோ விசாரித்திருப்பார்கள் என்ற எண்ணம். யாரும் விசாரிக்கவில்லை, நேரத்துக்குரிய காசைத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

பிறகு கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் மூலமாக அந்தத் தாயைக் கண்டுபிடித்தோம். பையனுக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரி, ஒரு சதம் கட்டவில்லை. காத்திருந்த காலம்தான் கொஞ்சம் நீளம். நிகழ்ச்சிக்காரர் கொடுத்தது இரண்டு உலர் உணவுப் பொதியும் 25,000 ரூபாயும். தனியார் ஆஸ்பத்திரி என்ற கதையே தனக்குத் தெரியாது என்றார் அந்த மனுசி. வீடியோ இப்போதும் யூரியூப்பில் கிடக்கிறது, அதே கணக்கிலக்கத்தோடு.

அந்த வீடியோவை எல்லோருமாக இருந்து திரும்பப் பார்த்தோம். தாய் "பொரளையில கிளினிக்..." என்று தொடங்குகிறார். உடனே காட்சி வெட்டுப்பட்டு ஒழுகுகிற கூரைக்குப் போகிறது, வயலின் சத்தம் கூடுகிறது. இன்னோரிடத்தில் "டொக்டர் திகதி..." என்கிறார், அறிவிப்பாளர் குறுக்கிட்டு "காலையில் என்ன சாப்பிட்டீங்கள் மகன்?" என்று பையனிடம் திரும்பிவிடுகிறார். முதல் தடவை பார்த்தபோது எல்லோருக்கும் கண் கலங்கியது. இரண்டாம் தடவை அந்த மனுசனை ஏச வேண்டும்போல் இருந்தது.

2022 நெருக்கடியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போனது எல்லோருக்கும் ஞாபகம். அந்தப் பயத்தில்தான் இவர்களின் பிழைப்பு ஓடுகிறது. அரசாங்கத்தில் நடக்காது, தனியாருக்குப் போனால்தான் பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவுடன் நம்பிவிடுகிறோம். வசதியில்லாத நோயாளருக்கு ஜனாதிபதி நிதியம் உதவுகிறது, அதற்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். அங்கே கேட்டீர்களா, என்ன பதில் வந்தது என்று காசு சேர்க்கிறவர்களிடம் விசாரிப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

அறக்கட்டளை என்று சொன்னால் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். தொண்டு அமைப்புகளைப் பதிவதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான தேசிய செயலகம் இருக்கிறது. சிலர் உத்தரவாதக் கம்பனியாக, அதாவது பங்குகள் இல்லாமல் உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் நிற்கும் கம்பனியாக, பதிந்திருப்பார்கள். கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயரை அடித்துத் தேடிப் பார்க்கலாம். இலக்கம் பீ.வி. (PV) என்று தொடங்கினால் அது சாதாரணத் தனியார் கம்பனி, வியாபாரம் செய்கிறவரும் அதைப் பதியலாம். நாங்கள் தேடிய பெயர் அங்கே இல்லவே இல்லை. இருந்திருந்தாலும் அது அரைவாசிதான். பதிந்து வைத்துக்கொண்டே சுருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்ட தொகை சேர்ந்த பிறகு கணக்கிலக்கத்தை எடுக்கிறார்களா, மிச்சக் காசு எங்கே போனது என்று சொல்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம், தர்மம் செய்துவிட்டுக் கணக்குக் கேட்பது பாவம் என்று. என் அம்மாவே அப்படித்தான், "போனது போகட்டும் பிள்ளை, கடவுள் பார்ப்பார்" என்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். கணக்குக் கேட்காதவர்களை நம்பித்தான் இப்படியான நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அந்தத் தோட்டத்தில் உண்மையாகவே உதவி தேவைப்படும் இன்னும் எத்தனையோ வீடு உண்டு. அடுத்த முறை அவர்கள் வந்து கேட்கும்போது எங்கள் தொடர்மாடியில் கதவு திறக்குமா என்பது எனக்குச் சந்தேகம். இந்தக் கோபம் எனக்குக் காசை விடப் பெரிது.

ஞாயிறு நிகழ்ச்சி எதற்காவது காசு போட்டவர்கள் வங்கிப் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். வீடியோவையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், எந்த நேரமும் தூக்கிவிடுவார்கள். கணக்குக்குரியவரின் பெயர் வேறாக இருந்தால் பக்கத்துப் பொலிஸில் முறைப்பாடு கொடுங்கள். சின்னத் தொகை என்று விட வேண்டாம். தனித்தனியாக ஆயிரம், இரண்டாயிரம் என்றால் யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள், ஒரே கணக்கிலக்கத்தில் இருபது முறைப்பாடு வந்தால் கதை வேறு.